உடலுக்குள் ஒளிந்திருக்கும் பூஞ்சையைக் காட்டிக் கொடுக்கும் பரிசோதனை

காத்தோங், சிங்கப்பூரின் கிழக்குக் கரையில் அமைந்த பழைய பகுதிகளுள் ஒன்று. ஒரு காலத்தில் தென்னந்தோப்புகளும் கடலோர வீடுகளுமாக விளங்கிய இவ்விடத்தில், 1966ஆம் ஆண்டு தொடங்கிய நிலமீட்புப் பணியின் பயனாகக் கடல் வெகு தொலைவு விலகிச் சென்றுவிட்டது. மீட்கப்பட்ட நிலத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. சிலோன் சாலையில் உள்ள ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயத்தின் வாயிலாக நம் மக்களில் பலர் இப்பகுதியை அறிந்திருப்பர்.

இங்கே மகள் வீட்டில் வாழ்ந்து வரும் முதியவர் ஒருவரை நாம் மனத்தில் எண்ணிக் கொள்வோம். இளமை முழுவதையும் ஜொகூர்த் தோட்டமொன்றில் பால் மரம் வெட்டியே கழித்தவர் அவர். மூட்டு வலிக்காகப் பல ஆண்டுகளாக ஸ்டிராய்டு மாத்திரை உட்கொண்டு வருகிறார். ஒரு நாள் அவருக்குத் தலைவலி தொடங்குகிறது. வெயிலில் நடந்ததனால் வந்த வலி என்று எண்ணித் தைலம் தேய்த்துக் கொள்கிறார். ஒரு வாரம் கழிகிறது. வலி மாத்திரை வாங்கி விழுங்குகிறார். இரண்டாம் வாரம் இலேசான காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்து கொள்கின்றன. மூன்றாம் வாரத்தில் ஒரு காலை, மகளைப் பார்த்து, இறந்துபோன தம் மனைவியின் பெயரைச் சொல்லி அழைக்கிறார். அப்பொழுதுதான் குடும்பத்தினர் அஞ்சி அவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்கின்றனர்.

மருத்துவரின் முன் பல கேள்விகள் எழுகின்றன. இது மூளையைத் தாக்கிய காசநோயா? வேறு கிருமியா? பக்கவாதமா? கட்டியா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. தவறான மருந்தைக் கொடுத்துக் காத்திருந்தால் உயிர் போய்விடும். முதுகுத்தண்டிலிருந்து சிறிதளவு நீர் எடுக்கப்படுகிறது. அந்நீரில் ஒரு சிறு காகிதப் பட்டை நனைக்கப்படுகிறது. பத்து நிமிடங்களில் பட்டையின் மீது இரண்டு கோடுகள் தோன்றுகின்றன. மூளையைச் சூழ்ந்த சவ்வில் குடியேறியிருப்பது ஒரு பூஞ்சை என்று தெரிந்துவிடுகிறது. அன்றைக்கே உரிய மருந்து அவரது நரம்பினுள் ஏறத் தொடங்குகிறது.

இம்முதியவர் நாம் கற்பனை செய்து கொண்ட மனிதர். ஆயினும் அவருக்கு வந்த நோய் கற்பனை அன்று. இத்தகைய நோயாளிகள் சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளுக்கு வந்து கொண்டுதான் இருக்கின்றனர். அவர்களுள் உயிர் பிழைப்போர் பலர், காலத்தே நோய் இன்னதென்று தெரிந்து கொண்டவர்களே. அந்தப் பத்து நிமிடப் பரிசோதனை எவ்வாறு உருவாயிற்று என்பதையும், அதனால் நாம் பயன் பெற வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் இங்குக் காண்போம்.

நாம் அறிந்த பூஞ்சையும் அறியாத பூஞ்சையும்

தோட்டத்தில் வாழ்வோர்க்குப் பூஞ்சை புதிதன்று. ரப்பர் மரத்தின் வேரை அழிக்கும் வெள்ளை வேர் நோய்க்கு ஒரு பூஞ்சையே காரணம். நன்கு புகையூட்டி உலர்த்தப்படாத ரப்பர் தகட்டின் மேல் படர்ந்து அதன் தரத்தைக் கெடுப்பதும் பூஞ்சையே. இதனைப் பூசணம் என்றும் சொல்வோம். மனிதத் தோலில் படர்தாமரையாகத் தோன்றுவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இவை யாவும் கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதந்து, மூச்சுடன் நுரையீரலுக்குள் புகும் பூஞ்சைகளும் உண்டு. முதியவரைத் தாக்கியது அத்தகைய ஒன்று. கிரிப்டோகாக்கஸ் என்பது அதன் பெயர். புறாவின் உலர்ந்த எச்சத்திலும், மக்கிய மரத்திலும், மண்ணிலும் அது வாழ்கிறது. நம்மில் பலர் அதனை அறியாமலே சுவாசித்திருப்போம். உடலில் எதிர்ப்பு ஆற்றல் உள்ளவரை அது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். எச்.ஐ.வி. கிருமியாலோ, நெடுநாள் உட்கொண்ட ஸ்டிராய்டு மருந்தாலோ, உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பின் கொடுக்கப்படும் மருந்தாலோ எதிர்ப்பு ஆற்றல் குன்றும் பொழுது, அது இரத்தத்தின் வழியே மூளைச் சவ்வை அடைகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு வகை, நல்ல உடல்நலம் உள்ளோரையும் சில வேளைகளில் தாக்குவதுண்டு. இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. ஆகவே நோயாளியை ஒதுக்கி வைக்க வேண்டிய தேவை சிறிதும் இல்லை.

எச்.ஐ.வி. உள்ளோரிடையே மட்டும், 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1,52,000 பேருக்கு இம்மூளைச் சவ்வு நோய் ஏற்பட்டதாகவும், அவர்களுள் ஏறத்தாழ 1,12,000 பேர் மாண்டதாகவும் ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். நான்கு பேரில் மூவர் மடியும் இக்கொடுமைக்குக் காலங்கடந்து நோயைக் கண்டறிவது ஒரு முக்கிய காரணமாகும்.

பழைய வழிகள்

முன்னாளில் இந்நோயைக் கண்டறிய இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது, முதுகுத்தண்டு நீருடன் கருப்பு மையைக் கலந்து உருப்பெருக்கியின் கீழ் நோக்குவது. இந்திய மைச் சோதனை என்று இதற்குப் பெயர். பூஞ்சையைச் சுற்றிக் கூழ் போன்ற தடித்த உறை ஒன்று இருப்பதால், மை அதனுள் புகாது. கருமையின் நடுவே நிலவைப் போல் வெண்வட்டம் தெரியும். மலிவான, எளிய வழி இது. ஆயினும் பூஞ்சை குறைவாக இருக்கும் தொடக்க நிலையில் பல நோயாளிகளிடம் இது ஏமாற்றிவிடும்.

இரண்டாவது, அந்நீரை ஊட்டப்பொருளில் இட்டுப் பூஞ்சையை வளர்த்துப் பார்ப்பது. இது நம்பகமான வழியே. எனினும், வளர்வதற்குப் பல நாட்கள், சில வேளை வாரங்கள்கூட ஆகும். நோயாளிக்கோ அத்தனை நாள் அவகாசம் இராது.

எதிர்ப்பொருள் என்பது யாது?

அயற்கிருமி ஒன்று உடலுக்குள் நுழைந்தால், நம் இரத்தத்தில் அதனைப் பற்றிப் பிடிக்கும் பொருள் ஒன்று உருவாகிறது. இதுவே எதிர்ப்பொருள் எனப்படும். பூட்டுக்கு ஏற்ற சாவி போல, ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குரிய ஒரு பொருளை மட்டுமே பற்றும். அம்மைக்கு உரியது அம்மையைப் பிடிக்கும். பூஞ்சைக்கு உரியது பூஞ்சையைப் பிடிக்கும்.

ஆகவே, நோயாளியின் இரத்தத்தில் பூஞ்சைக்குரிய எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்தால் போதுமே என விஞ்ஞானிகள் முதலில் எண்ணினர். இவ்வழி சில நோய்களுக்கு இன்றும் பயன்படுகிறது. ஆனால் கிரிப்டோகாக்கஸ் நோயில் ஒரு பெருந்தடை எழுந்தது. இந்நோய்க்குப் பெரிதும் ஆளாவோர் எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்கள். எதிர்ப்பு ஆற்றல் குன்றியவரின் உடல் எதிர்ப்பொருளைப் போதிய அளவு உண்டாக்குவதில்லை. எவருக்குச் சோதனை மிகவும் தேவையோ, அவரிடமே அது பொய்த்துப் போயிற்று.

எனவே விஞ்ஞானிகள் தம் சிந்தனையைத் தலைகீழாகத் திருப்பினர். நோயாளியின் உடலில் எதிர்ப்பொருளைத் தேடுவானேன்? எதிர்ப்பொருளை நாமே வெளியில் உருவாக்கி, அதனைத் தூண்டிலாகக் கொண்டு, நோயாளியின் இரத்தத்தில் கரைந்துள்ள பூஞ்சைத் துணுக்குகளைப் பிடித்தால் என்ன? கிரிப்டோகாக்கஸ் தன் கூழ் உறையின் சர்க்கரைப் பொருளை இரத்தத்திலும் முதுகுத்தண்டு நீரிலும் ஓயாது உதிர்த்துக் கொண்டே இருக்கிறது. அதுவே பிடிபட வேண்டிய பொருளாயிற்று.

பால் திரள்வது போல

1963ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் இவ்வெண்ணத்தைச் செயலாக்கிக் காட்டினர். அவர்கள் கையாண்ட முறை பால்வெட்டுத் தொழிலாளர்க்கு எளிதில் விளங்கும். மங்கில் சேர்ந்த பாலை ஆலைக்குக் கொண்டு சென்று திராவகம் சேர்த்தால், அதுவரை தனித்தனியே மிதந்த நுண்ணிய ரப்பர் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகத் திரள்கின்றன அல்லவா?

ஆய்வாளர்களும் பால் போன்ற ஒரு வெண்ணிற நீர்மத்தை எடுத்துக் கொண்டனர். அதன் பெயரும் லேடெக்ஸ் என்பதே. ஆனால் இது மரத்திலிருந்து வடிந்த பால் அன்று; செயற்கைப் பிளாஸ்டிக்கால் ஆன கண்ணுக்குப் புலனாகாத உருண்டைகள் நீரில் மிதக்கும் நீர்மம். முயலின் இரத்தத்தில் உண்டான எதிர்ப்பொருளை அவ்வுருண்டைகளின் மேல் பூசினர். பின்னர் நோயாளியின் நீரில் ஒரு துளியை அதனுடன் கலந்தனர். பூஞ்சைப் பொருள் இல்லையெனில் நீர்மம் அப்படியே இருந்தது. இருந்தால், அப்பொருள் பல உருண்டைகளை ஒன்றாக இழுத்துப் பிடிக்க, சில நிமிடங்களில் நீர்மம் மணல் மணலாகத் திரண்டது. வாரக்கணக்கில் காத்திருந்த விடை நிமிடக்கணக்கில் கிடைத்தது.

ஒட்டு மரமும் ஒரே இன எதிர்ப்பொருளும்

இம்முறையிலும் ஒரு குறை இருந்தது. ஒரு முயலின் இரத்தத்தில் பலவகை எதிர்ப்பொருள்கள் கலந்திருக்கும். ஒரு முயலுக்கும் மற்றொரு முயலுக்கும் வேறுபாடு இருக்கும். விதையிலிருந்து முளைத்த ரப்பர் மரங்களை எண்ணிப் பாருங்கள். ஒரு மரம் நிறையப் பால் தரும். பக்கத்து மரம் சொட்டுச் சொட்டாகத் தரும். இதனால்தான் நல்ல தாய் மரத்தின் மொட்டை எடுத்துக் கண் ஒட்டு முறையில் கன்றுகள் உண்டாக்கினர். ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற இனங்கள் இவ்வாறு பரவியவையே. ஒரே இனத்து மரங்கள் யாவும் ஒரே தாயின் நகல்கள்.

எதிர்ப்பொருளுக்கும் அத்தகைய வழி 1975ஆம் ஆண்டில் பிறந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஆய்வு செய்த ஜார்ஜ் கோலர், சேசர் மில்ஸ்டீன் ஆகிய இருவரும், எதிர்ப்பொருளை உண்டாக்கும் எலியின் உயிரணுவை, ஓயாது பெருகும் இயல்புடைய புற்றுநோய் உயிரணுவுடன் இணைத்தனர். எலியின் உயிரணு தனியே விரைவில் மடிந்துவிடும். இணைந்த பின்னரோ அது முடிவின்றிப் பெருகி, ஒரே வகை எதிர்ப்பொருளை மாறுபாடின்றிச் சுரந்து கொண்டே இருந்தது. தோட்டத்தில் ஒட்டு மர இனத்தைக் குறிக்கும் குளோன் என்னும் சொல்லையே விஞ்ஞானிகள் இதற்கும் பயன்படுத்துகின்றனர். இச்சாதனைக்காக இருவருக்கும் 1984ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. நீல்ஸ் ஜெர்னே என்னும் அறிஞரும் அவ்வாண்டு அப்பரிசைப் பகிர்ந்து கொண்டார்.

பொன் துகள் காட்டும் கோடு

இதன் அடுத்த படியே, முதியவருக்குப் பயன்பட்ட காகிதப் பட்டை. கோவிட் காலத்தில் மூக்கைத் துடைத்து, வீட்டிலேயே சோதித்துப் பார்த்த சிறு கருவியை எவரும் மறந்திருக்க மாட்டார். இரண்டும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை.

பட்டையின் அடிப்பகுதியில், மிக நுண்ணிய பொன் துகள்களில் ஒட்டப்பட்ட எதிர்ப்பொருள் காத்திருக்கிறது. நோயாளியின் இரத்த நீரோ முதுகுத்தண்டு நீரோ விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலப் பட்டையில் ஏறும் பொழுது, பூஞ்சைப் பொருள் இருந்தால் அது பொன் துகளுடன் ஒட்டிக் கொள்கிறது. இரண்டும் சேர்ந்து மேலே செல்கையில், பட்டையின் குறுக்கே கோடாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ள மற்றோர் எதிர்ப்பொருள் அவற்றை மடக்கிப் பிடிக்கிறது. பொன் துகள்கள் அவ்விடத்தில் குவியும் பொழுது கோடு நிறம் பெற்றுத் தெரிகிறது. இரண்டாவது கோடு, சோதனை ஒழுங்காக நடந்தது என்பதற்கு அடையாளம்.

கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைக்கான பட்டையை 2011ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஏற்றுக் கொண்டது. இதற்குப் பெரிய இயந்திரமோ குளிர்சாதனப் பெட்டியோ தேவையில்லை. ஆகவே ஆப்பிரிக்க நாடுகளின் சிற்றூர் மருத்துவ நிலையங்களுக்கும் இது சென்று சேர்ந்தது. இதன் மற்றொரு சிறப்பு யாதெனில், தலைவலி தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்னதாகவே பூஞ்சைப் பொருளை இரத்தத்தில் கண்டுபிடித்துவிட முடியும். ஆகையால், எச்.ஐ.வி. முற்றி எதிர்ப்பு ஆற்றல் மிகவும் குன்றியவர்களுக்கு, நோய்க்குறி இல்லாவிடினும் இச்சோதனையைச் செய்து, முன்கூட்டியே மருந்து கொடுக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

காசநோய் போல் நடிக்கும் பூஞ்சைகள்

பூஞ்சை நோய் தொலைதூர நாட்டுச் செய்தி என்று நாம் எண்ணிவிடலாகாது. 1963ஆம் ஆண்டிலேயே, மத்திய மலாயாவின் குகை ஒன்றின் மண்ணிலிருந்து ஹிஸ்டோபிளாஸ்மா என்னும் பூஞ்சையைப் பிரித்தெடுத்ததாக ஜே. டி. பொன்னம்பலம் என்னும் ஆய்வாளர் மருத்துவ இதழொன்றில் எழுதினார். வௌவால் எச்சம் கலந்த மண்ணில் இப்பூஞ்சை செழித்து வளரும். இதனால் வரும் நோயில் நீங்காத இருமலும், காய்ச்சலும், உடல் மெலிவும், சிலருக்கு வாயில் ஆறாத புண்ணும் தோன்றும். பார்ப்பதற்குக் காசநோயைப் போலவே இருக்கும். 1986ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள், நோயாளியின் சிறுநீரிலேயே இப்பூஞ்சையின் பொருளை எதிர்ப்பொருள் கொண்டு கண்டறியலாம் என்று மெய்ப்பித்தனர்.

அஸ்பெர்ஜில்லஸ் என்பது மற்றொன்று. காசநோய் குணமான பின் நுரையீரலில் எஞ்சும் பொந்தில் இது குடியேறுவதுண்டு. மீண்டும் இருமலும் சளியில் இரத்தமும் காணும் பொழுது, பலர் காசநோய் திரும்பிவிட்டதென்றே கருதுகின்றனர். சளியில் காசநோய்க் கிருமி இல்லையென்று வந்த பின்னும், காசநோய் மருந்தையே மீண்டும் உண்போர் உண்டு. இத்தகையோரின் உடல் எதிர்ப்பொருளை நன்றாகவே உண்டாக்குகிறது. ஆதலால், முதலில் சொன்ன பழைய வழி, அதாவது நோயாளியின் இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் வழி, இங்கே கைகொடுக்கிறது. எந்த நோயாளிக்கு எந்த வழி ஏற்றது என்று தெரிந்து தேர்வதே மருத்துவரின் திறமை.

இன்னும் எட்டாதவை

எல்லாப் பூஞ்சைக்கும் இத்தகைய எளிய சோதனை உண்டென்று எண்ணுதல் கூடாது. 2021ஆம் ஆண்டில் இந்தியாவில் கோவிட் நோயிலிருந்து மீண்டவர்களைக் கறுப்புப் பூஞ்சை தாக்கியது. சர்க்கரை நோய் உள்ளவர்களும் ஸ்டிராய்டு மருந்து பெற்றவர்களும் மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர். 50,000க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். பலர் கண்ணையும் உயிரையும் இழந்தனர். அப்பொழுது அந்நோயை நிமிடங்களில் உரைக்கும் பட்டை எதுவும் மருத்துவர்களின் கையில் இல்லை. சதையை வெட்டி எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதே 2021ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவ்வகைப் பூஞ்சையைப் பற்றும் ஓர் எதிர்ப்பொருளையும், அதனைக் கொண்ட பட்டையையும் உருவாக்கி அறிவித்தனர். ஆய்வுக்கூடத்தில் உருவான ஒரு பட்டை எல்லா மருத்துவமனைகளையும் சென்றடைய நீண்ட காலமும் பல சோதனைகளும் தேவை.

இருக்கும் சோதனைகளும் சில வேளைகளில் தவறக்கூடும். ஒரு பூஞ்சைக்குரிய எதிர்ப்பொருள், உறவான வேறொரு பூஞ்சையைப் பற்றிவிடுவதுண்டு. ஆகவே மருத்துவர் பட்டையின் கோட்டை மட்டும் நம்பாமல், நோயாளியின் நிலை, படங்கள், பிற சோதனைகள் யாவற்றையும் சேர்த்தே முடிவு காண்கிறார். 2022ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் முதன்முறையாக 19 பூஞ்சைகளைப் பட்டியலிட்டு, அவற்றுக்கான ஆய்வுக்கு முன்னுரிமை அளிக்குமாறு உலக நாடுகளைக் கேட்டுக் கொண்டது. கிரிப்டோகாக்கஸும் அஸ்பெர்ஜில்லஸும் அப்பட்டியலின் முதல் வரிசையில் உள்ளன.

நாம் செய்ய வேண்டியவை

மருத்துவர் ஒரு சோதனையைச் செய்ய வேண்டுமானால், முதலில் அந்த நோயைப் பற்றிய ஐயம் அவருக்கு எழ வேண்டும். அவ்வைய உணர்வை எழுப்பும் செய்திகள் நம்மிடமே உள்ளன.

தலைவலியோ காய்ச்சலோ இருமலோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், வலி மாத்திரையால் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். அதனுடன் வாந்தியும், பார்வை மங்கலும், பேச்சில் தடுமாற்றமும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வீட்டருகே புறாக்கள் அடைவது, குகைக்குள் சென்று வந்தது, பழைய கட்டடத்தில் பறவை எச்சத்தைக் கூட்டியது, முன்னர் காசநோய் கண்டிருந்தது, சர்க்கரை நோய் இருப்பது ஆகியவற்றை மருத்துவர் கேளாமலே சொல்லுங்கள். எச்.ஐ.வி. சோதனை செய்து கொள்ளலாம் என்று அவர் கூறினால் வெட்கப்படாமல் இணங்குங்கள்.

உண்ணும் மருந்துகள் அனைத்தையும் காட்டுங்கள். மூட்டு வலிக்கென்று கடைகளிலும் சந்தைகளிலும் விற்கப்படும் சில நாட்டு மருந்துகளில் ஸ்டிராய்டு மறைவாகக் கலக்கப்பட்டிருந்ததை மலேசிய, சிங்கப்பூர் அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளனர். தின்றவுடன் வலி மாயமாய் மறையும் மருந்தை ஐயத்துடன் நோக்குங்கள். அதே வேளையில், மருத்துவர் கொடுத்த ஸ்டிராய்டு மருந்தை அவரைக் கேளாமல் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்தாகும்.

உலர்ந்த பறவை எச்சத்தைக் கூட்டும் பொழுது முதலில் நீர் தெளித்து நனைத்துக் கொள்ளுங்கள்; மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடுங்கள். சிங்கப்பூரில் புறாக்களுக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம் என்பதையும் அங்கு வாழும் உறவினர்க்கு நினைவூட்டுங்கள்.

படர்தாமரைக்கு இந்த எதிர்ப்பொருள் சோதனைகள் வேண்டியதில்லை. தோலைச் சுரண்டி உருப்பெருக்கியில் பார்த்தாலே போதும். ஸ்டிராய்டு கலந்த களிம்பை நாமே வாங்கிப் பூசினால் அரிப்பு அடங்கும். பூஞ்சையோ மேலும் பரவும்.

நாம் கற்பனை செய்த காத்தோங் முதியவர் பிழைத்துக் கொள்வார். சில வாரங்கள் மருத்துவமனையிலும், பின்னர் பல மாதங்கள் மாத்திரையுடன் வீட்டிலும் இருக்க நேரிடும். ஆயினும் அவர் மூன்று வாரங்கள் தைலத்தோடு போராடியிராமல் முதல் வாரமே சென்றிருந்தால், மகளின் பெயரை ஒரு நாளும் மறந்திருக்க மாட்டார். மரத்தில் நோய் தோன்றியதும், வேர் முழுவதும் அழுகட்டும் என்று தோட்டத்தில் எவரும் காத்திருப்பதில்லை. மண்ணைத் தோண்டி வேரைப் பார்க்கிறோம். அந்த விழிப்பை நம் உடலின்பாலும் காட்டுவோமாக.